லைன் ஓடவில்லை, ரீல் இறுகுகிறது, கம்பு முறிகிறது: குமரிக் கரையில் ஃபிளை தூண்டில் பிழை நீக்கும் வழிமுறை

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தங்கூஸை (நைலான் நரம்பை) இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தூண்டிலில் முள்ளில் கட்டிய இறகுக்கும் ரோமத்துக்கும் எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தடித்த லைனின் எடைதான் கம்பை வளைத்து, தன்னோடு முள்ளையும் கொண்டுபோகிறது. இது பிடிபடாதவர்கள் எது கெட்டாலும் கம்பைக் குறை சொல்லி, அடுத்த மாதம் இன்னொரு கம்பு வாங்குவார்கள். புதுக் கம்பிலும் அதே கோளாறு வரும்.

நம் மாவட்டத்தில் இந்தச் சாமான்களைக் கெடுப்பவை உப்பு, கருமணல், காற்று, வெயில். கோளாறு வந்தால் முள் முனையிலிருந்து கைப்பிடி நோக்கித் தேடுங்கள்: முள், டிப்பெட் (முள்ளைக் கட்டும் மெல்லிய கடைசித் துண்டு), லீடர் (லைனின் நுனியிலிருந்து டிப்பெட் வரை மெலிந்துகொண்டே போகும் தங்கூஸ்), லைன், கம்பின் வளையங்கள், ரீல், கடைசியாகக் கம்பு. விலை குறைந்த பொருளிலிருந்து கூடிய பொருளுக்குப் போகும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். பெரும்பாலும் லைனைத் தாண்டுமுன்பே காரணம் அகப்பட்டுவிடும்.

லைன் வளையத்தில் ஒட்டுகிறது, தூரம் போக மாட்டேன் என்கிறது

முதலில் அழுக்கு. ஈரமான வெள்ளைத் துணியில் லைனை மடித்துப் பிடித்து ஐந்தாறு மீட்டர் இழுங்கள். துணியில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு குழந்தை ஷாம்பு விட்டு, லைனைத் தளர்வான சுருள்களாகப் போட்டு பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு துணி வழியாக இழுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் வேண்டாம். லைனின் பி.வி.சி. பூச்சை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். சில மாதத்தில் பூச்சு வெடிக்கும்.

கழுவிய பிறகும் ஒட்டினால் லைன் வந்த பெட்டியைப் பாருங்கள். ட்ரௌட் மீனுக்கென்று குளிர்நாட்டில் செய்த லைன், பின்னல் நைலான் நூலை நடுவில் வைத்து, மென்மையான பூச்சோடு வரும். நம் கடல் நீரே பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேல். பகல் பதினொரு மணிக்குப் பாறை மேல் கிடக்கும் லைன் அதைவிடச் சூடு. அந்த வெப்பத்தில் குளிர்நாட்டு லைன் வெந்த இடியாப்பம் போலத் துவண்டு வளையங்களில் படிந்துவிடும். இதற்கு மருந்து இல்லை. அந்த லைனைக் காலை வேளைக் குளத்து மீன்பிடிக்கு ஒதுக்கிவிட்டு, கடலுக்கு ‘டிராப்பிக்கல்’ என்று எழுதிய, விறைப்பான ஒற்றை இழை நைலான் நடு உள்ள லைனை வாங்குங்கள். அந்த லைனைக் குளிர்ந்த அணை நீரில் போட்டால் சுருள் சுருளாக நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

பிசுபிசுப்பு ஒரு சில இடங்களில் மட்டும், விரல் பட்ட அளவுக்கு இருந்தால் கையில் பூசியது காரணம். சில கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்ற ரசாயனம் பி.வி.சி.யைக் கரைக்கும், வெயில் களிம்புகளில் பலவும் பூச்சை மிருதுவாக்கும். புறங்கையில் பூசி, மறு புறங்கையால் முகத்தில் தேய்த்துக்கொண்டால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கரைந்த இடம் திரும்ப வராது. மண்ணெண்ணெயால் துடைத்துச் ‘சரி’ செய்கிறவர்கள் மீதி லைனையும் இழக்கிறார்கள்.

லைன் சுத்தம், பூச்சும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கம்பு வளையவே இல்லை அல்லது அளவுக்கு மீறித் துவள்கிறது என்றால் எடையைச் சோதியுங்கள். லைனின் எண் என்பது அதன் முதல் 30 அடியின், அதாவது 9.14 மீட்டரின் எடை. 5ஆம் எண் லைனுக்கு 140 கிரெயின், சுமார் 9.1 கிராம். 8ஆம் எண்ணுக்கு 210 கிரெயின், 13.6 கிராம், 13.1 முதல் 14.1 வரை ஏற்கலாம். நுனியில் ஒரே தடிமனாக இருக்கும் சிறு பகுதியை விட்டுவிட்டு 30 அடியைச் சுருட்டி, நகைக்கடைத் தராசு போன்ற மின்னணுத் தராசில் வையுங்கள்; மீதி லைன் தராசில் தொங்கக் கூடாது. இப்போது வரும் லைன்கள் பலவும் பெட்டியில் 8 என்று போட்டு, எடையில் 9ஐத் தொடுகின்றன. வேகமான விறைப்புக் கம்புக்கு அது பொருந்தும். பழைய மெதுவான கம்பில் அதே லைன் கம்பைச் சாய்த்துவிடும்.

சுருளும் முறுக்கும் இருந்தால் வீசத் தொடங்கும் முன் லைனைக் கை விரிப்பு அளவாக இழுத்து இழுத்து நீட்டுங்கள். முறுக்கு அதிகமானால் முள்ளையும் லீடரையும் கழற்றிவிட்டு, குழித்துறை ஆற்று ஓட்டத்தில் முழு லைனையும் மிதக்க விட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சுற்றுங்கள். ஆறு இல்லாவிட்டால் புல் தரையில் முழு நீளம் விரித்து, ஒரு முனையிலிருந்து இழுத்துச் சுற்றினாலும் முறுக்கு வெளியேறும்.

மிதக்க வேண்டிய லைனின் நுனி முங்குகிறது

லீடரைக் கழற்றி, நுனியை மட்டும் வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் லைனில் குறை இல்லை. நைலானைவிடக் கனமான ஃபுளோரோகார்பன் தங்கூஸ் லீடரோ ஈயக் கண் வைத்த முள்ளோ இழுத்திருக்கிறது. முங்கினால் கழுவி மறுபடி போட்டுப் பாருங்கள். மறுபடியும் முங்கினால் வெட்டுமுனை வழியாக நடு நூலுக்குள் நீர் ஏறியிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவைத்து, வளைந்து கொடுக்கும் பசையால் முனையை மூடுங்கள். பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து, வெடிப்பு வரை வெட்டலாம். மொத்தம் 30 சென்டிமீட்டர் போனால் வித்தியாசம் தெரியாது. ஒரு மீட்டரைத் தாண்டினால் முன்சரிவு (நுனி நோக்கி லைன் மெலியும் பகுதி) போய், முள் தண்ணீரில் ‘பொத்’தென்று விழும்.

மீன் கவ்வியதும் அறுகிறது

பெரிய மீன், அதனால் அறுத்தது என்று சொல்லிக்கொள்வது சுகம். அறுந்த நுனி பொய் சொல்லாது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுகியிருக்கிறது. சுற்று போதவில்லை, அல்லது கடைசியில் முழுதாக இறுக்கவில்லை. முள்ளைக் கட்டும் கிளிஞ்ச் முடிச்சுக்கு ஐந்து சுற்று, எச்சில் தடவி, நிதானமாக இழுத்து இறுக்க வேண்டும். உலர்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூஸ் வெந்து, முடிச்சுக்கு ஒட்டி மேலேயே அறும். அப்படி அறுந்த நுனி சுருளாமல் மொட்டையாக இருக்கும். ஃபுளோரோகார்பனில் இது அதிகம்.

நுனி சுரசுரப்பாக, வெள்ளையடித்துப் போயிருந்தால் பாறை. முட்டத்திலும் கடியப்பட்டணத்திலும் பாறை முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கும். மீன் ஒரு முறை பாறையைச் சுற்றினால் போதும். லீடரின் கடைசி அரை மீட்டரை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் உதட்டில் வைத்து இழுத்துப் பாருங்கள். விரல் நுனிக்குத் தெரியாத கீறல் உதட்டுக்குத் தெரியும். தெரிந்தால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

கத்தியால் அரிந்த மாதிரி சுத்தமாக இருந்தால் பல். சீலாவுக்கும் நெய்மீனுக்கும் எந்தத் தடிமன் தங்கூஸும் பத்தாது; முள்ளுக்கு முன்னால் 15 முதல் 20 சென்டிமீட்டர் கம்பி போடுங்கள். முடிச்சுப் போடக்கூடிய மெல்லிய பின்னல் கம்பி இருந்தால் வேலை எளிது. பாரை மீனுக்குக் கம்பி தேவையில்லை. 40 முதல் 60 பவுண்டு தடித்த தங்கூஸ் ஒரு சாண் போதும்.

நடுவில், முடிச்சே போடாத இடத்தில் அறுந்தால் அது காற்று முடிச்சு. வீசும்போது லைன் தன்னைத்தானே குறுக்கே வெட்டி, டிப்பெட்டில் சாதாரண ஒற்றை முடிச்சு விழுந்திருக்கும். அது வலுவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும். பெயரில் காற்று இருந்தாலும் பெரும்பாலும் காரணம் கைதான்: முன்வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டிவிடுவது, அல்லது பின்வீச்சு நீளுமுன் கம்பை முன்னால் நகர்த்துவது. மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகம் கூட்டி, சட்டென நிறுத்துங்கள். விழுந்த முடிச்சை அவிழ்க்க நேரம் செலவிடாதீர்கள்.

இவை எதுவுமே இல்லை, எல்லா இடத்திலும் அறுகிறது என்றால் சுருள் பழசு. நைலான் வெயிலில் வலு இழக்கும். நீரில் ஊறினாலும் கொஞ்சம் குறையும். பைக்கின் பெட்டியில் ஒரு கோடையைக் கழித்த சுருளை எறிந்துவிடலாம். ஃபுளோரோகார்பன் வெயிலைத் தாங்கும், விலை அதற்கேற்ப.

லீடரைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒன்பது அடி லீடரில் தடித்த அடிப்பகுதி 60 விழுக்காடு, நடு 20, டிப்பெட் 20. தடிமன் மிகவும் வேறுபடும் இரு துண்டுகளைச் சேர்க்க இரட்டைச் சர்ஜன் முடிச்சு.

முள் முதுகில் அடிக்கிறது

இது கருவியின் குறையே இல்லை, நிற்கும் இடத்தின் குறை. ஆனி ஆடியில் கச்சான் (மேற்குக்) காற்று வீசும்போது முட்டத்தில் தென்மேற்கு நோக்கி நிற்கும் வலக்கைக்காரருக்குக் காற்று முன்வலப் பக்கத்திலிருந்து வரும். லைனை அவர் மேலேயே தள்ளும். அப்படிப்பட்ட நாளில் கம்பை இடத் தோளுக்கு மேல் சாய்த்து வீசுங்கள், அல்லது கரைக்கு முகம் காட்டித் திரும்பி நின்று பின்வீச்சில் லைனைக் கடலுக்கு விடுங்கள். கிழக்கே சின்னமுட்டம், வட்டக்கோட்டைப் பக்கம் போனால் அதே காற்று முதுகுக்குப் பின்னால். அங்கே முன்வீச்சு தானாகப் பறக்கும், பின்வீச்சுதான் சுருண்டு விழும். பின்னால் தாழ்வாக, வலுவாக வீசி, முன்னால் உயர்த்தி விடுங்கள். முள்ளின் கொண்டையை (முனைக்குக் கீழே உள்ள எதிர்ப்பல்லை) குறடால் நசுக்கிவிடுவதும் கண்ணாடி போடுவதும் எந்தக் காற்றிலும் விடக் கூடாதவை. கரமடி வலை இழுக்கும் இடத்திலும் வள்ளம் கரையேறும் இடத்திலும் வீசவே வேண்டாம்.

ரீல் சறுக்குகிறது, விக்குகிறது, இறுகுகிறது

ரீலைத் திறக்கும் முன் ஒரு வலுவான காந்தத்தை, லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்போடு ஒட்டிச் சுற்றி எடுங்கள். கறுப்புத் துகள் ஒட்டினால் அது இல்மனைட் என்ற கருமணல் தாது. மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கத்து மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கும். கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையே அது புகுந்தால் அலுமினியத்தின் அனோடைஸ் பூச்சைக் கீறும். கீறிய இடத்தில் உப்பு புகும். வெள்ளைப் பொடி கிளம்பும். ரீலை எந்த மணல் மேலும் வைக்காதீர்கள், இந்த மணல் மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். மணல் புகுந்துவிட்டால் கைப்பிடியைச் சுற்றாமல், ஸ்பூலைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் காட்டி, பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள்.

ஸ்பூல் கழலவே இல்லை என்றால் உப்பு பூட்டியிருக்கிறது. முழு ரீலையும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு முயலுங்கள். குறடு, சுத்தியல் எடுக்காதீர்கள். ரீல், கம்பில் அதை மாட்டும் இருக்கையோடு இறுகிவிட்டாலும் இதே வைத்தியம். வெள்ளைப் பொடிக்கு ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர். துணியில் நனைத்துத் துடைத்து உடனே அலசுங்கள். வினிகரில் ஊறப்போடக் கூடாது.

இரு பக்கமும் கட்டுப்பாடின்றிச் சுழல்கிறது, டிராக் (ஓடும் லைனை இறுக்கிப் பிடிக்கும் ரீலின் பிரேக்) பிடிக்கவே இல்லை என்றால் ஒருவழி பேரிங்கைப் பாருங்கள். அதில் கெட்டியான கிரீஸ் அப்பியிருந்தால் உருளைகள் பிடிக்காமல் வழுகும். ஸ்பிரிட்டில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விடுங்கள். இழுக்கும்போது இலகுவாகவும் சுற்றும்போது இறுக்கமாகவும் இருந்தால் பேரிங் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. வலக்கை ரீலை இடக்கைக்கு மாற்றும்போது நடப்பது. தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ரீலிலும் போய்ச் சேர்கிறது. மார்கழிக் குளிரில் உறையும் எண்ணெயை நுண்ணிய பேரிங்கில் விடாதீர்கள். பழசானால் பிசின் போலப் பிடிக்கும்.

விக்கி விக்கி இழுக்கிறது என்றால் லைன் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுங்கள். தராசு முள் சீராக ஏறி ஓர் எண்ணில் நிற்க வேண்டும். முதலில் எகிறிப் பிறகு விழுந்தால் டிராக் தகடு காய்ந்திருக்கிறது அல்லது உப்பேறியிருக்கிறது. கார்க் டிராக்குக்கு மெல்லிய நீட்ஸ்ஃபுட் எண்ணெய் தடவலாம். மூடிய டிராக் என்றால் நீங்கள் திறக்க வேண்டாம், செய்தவரிடம் அனுப்புங்கள். இறுக்கத்தின் அளவு டிப்பெட் வலுவில் கால் பங்கு: 16 பவுண்டு டிப்பெட்டுக்கு சுமார் 1.8 கிலோ, 20 பவுண்டுக்கு 2.3 கிலோ. வீட்டில் வைக்கும்போது டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் தகடு அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

ஓடும் மீன் திடீரென நின்று டிப்பெட் தெறித்தால், லைனுக்கு அடியில் ஸ்பூலில் சுற்றியிருக்கும் பேக்கிங் நூல் தன் அடுக்குக்குள்ளேயே புதைந்திருக்கலாம். தளர்வாகச் சுற்றியதன் பலன். துணியால் அழுத்திப் பிடித்து இறுக்கமாக மறுபடி சுற்றுங்கள். நிறைந்த பிறகு லைனுக்கும் சட்டத்துக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

கம்பு: இணைப்பு இறுகுகிறது, கழல்கிறது, முறிகிறது

இணைப்பு பிரியாவிட்டால் முறுக்காதீர்கள், வளையங்களைப் பிடித்து இழுக்காதீர்கள். இருவர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கை வைத்து, நேர்கோட்டில் ஒரே நேரத்தில் இழுங்கள். ஆள் இல்லாவிட்டால் கம்பை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, கைகளால் இணைப்பின் இருபுறமும் பிடித்து, கால்களை அகட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐஸ் கட்டியைப் பையில் போட்டு இணைப்பில் சில நிமிடம் வைத்துவிட்டு முயலுங்கள். காரணம் பெரும்பாலும் மணலும் காய்ந்த உப்பும்.

வீசும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அப்படியே வீசினால் மேல்துண்டின் வாய் நீளவாக்கில் பிளக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, ஆண் முனையில் சாதாரண மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். வளையங்கள் கால் வட்டம் விலகியிருக்கும்படி செருகி, அழுத்திக்கொண்டே நேர்கோட்டுக்குத் திருப்புங்கள். அரை மணிக்கு ஒரு முறை கை வைத்துப் பாருங்கள்.

மீன் தூக்கும்போது முறிந்தது, ஆகவே கம்பு போலி என்று கடையோடு சண்டைக்குப் போகும் முன், ஈயக் கண் வைத்த க்ளவுசர் வகை முள் முந்தைய நாட்களில் கம்பில் பட்டதா என்று யோசியுங்கள். கார்பன் நார் அந்த அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கி, பிறகு ஒரு நாள் சுமை வரும்போது அதே இடத்தில் ஒடியும். மேல்நுனி ஒடிந்தால் கம்பைச் செங்குத்துக்கு மேல் தூக்கி மீனை இழுத்திருப்பீர்கள். சுமையைக் கம்பின் அடிப்பகுதிக்குக் கொடுங்கள், கரையில் லைனைக் கையால் பிடியுங்கள். வீட்டுக்குள் கம்பு மாட்டிப் பார்க்கும்போது மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

வளையம் லைனைத் தின்கிறது என்று சந்தேகம் வந்தால் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் பீங்கானில் விரிசல். அந்த ஒரு வளையத்தை மாற்றினால் போதும்.

பூச்சில் கொப்புளம் வந்திருந்தால் ஈரக் கம்பைக் குழாயில் அடைத்து வெயிலில் வைத்திருக்கிறீர்கள். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் பெய்யும் ஊர் இது. துணி உறை இரவு முழுக்கக் காயட்டும், குழாயின் மூடி திறந்தே இருக்கட்டும்.

கார்பன் மின்சாரம் கடத்தும். ஐப்பசியில் மாலை இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கால்வாய்க் கரைகளில் மின்கம்பிக்குக் கீழே ஒன்பது அடிக் கம்பை நிமிர்த்தாதீர்கள்.

முள் துருப்பிடிக்கிறது

ஒரு ஈர முள் பெட்டி முழுவதையும் கெடுக்கும். பயன்படுத்தியவற்றைத் தனிச் சிமிழில் போட்டு, வீட்டில் அலசிக் காயவைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள். நகத்தில் இழுத்தால் கீறாமல் வழுகும் முள்ளைச் சின்ன அரத்தால் கூராக்குங்கள்; துரு தின்ற முள்ளைக் கழித்துவிடுங்கள்.

கழுவுவது

அரை வாளி, சுமார் எட்டு லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் எந்தத் தண்ணீர்? கடலோர ஊர்களில் பல கிணறுகள் உவர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். நாக்கில் வைத்துப் பார்த்து, கரித்தால் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். மெதுவாக வார்க்க வேண்டும். பேக்கிங் வரை லைன் ஓடியிருந்தால் அன்றே பேக்கிங்கையும் அவிழ்த்து அலசுங்கள். அடியில் தங்கிய உப்புநீர் ஸ்பூலை உள்ளிருந்து தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது.

வாங்கும்போது

மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் பொழிகளுக்கும் (ஆறு கடலில் சேரும் முகங்கள்) சிறு பாரை மீன்களுக்கும் 9 அடி, நான்கு துண்டு, 8ஆம் எண் லைனுக்கான கம்பு. ஒவ்வொரு துண்டும் 70 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் பஸ்ஸில் கொண்டுபோகலாம். பெரிய பாரை மீனைத் தேடி முட்டத்துக்குப் போகிறவருக்கு 9 அல்லது 10. குளத்துக் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் 5 அல்லது 6. தாமரைக் குளத்து விராலுக்கு மறுபடியும் 8தான், கொடியில் மாட்டாத முள்ளோடு. குளங்களின் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கைக்காசு குறைவென்றால் கம்பில் மிச்சம் பிடியுங்கள், லைனில் பிடிக்காதீர்கள். நடுத்தரக் கம்பு நல்ல லைனோடு வீசும். மோசமான லைனோடு எந்தக் கம்பும் வீசாது. ரீல் மூடிய டிராக்கோடு, அனோடைஸ் செய்ததாக இருக்கட்டும். பெயின்ட் அடித்தது கடலுக்கு ஆகாது. கம்பின் ரீல் இருக்கையில் இரண்டு பூட்டு வளையங்கள் இருக்கின்றனவா என்று திருகிப் பாருங்கள். பழைய ரீல் வாங்கினால் விற்பவர் எதிரிலேயே பேக்கிங்கை அடி வரை அவிழ்த்து, ஸ்பூலின் அடித்தளத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளைப் பொடியோ குழியோ தெரிந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் விலை பேச வேண்டாம்.